கண்வில்லை அணிவார்க்கு ஒரு விண்ணப்பம்

உடைமையின் விலை உயர உயர, அதனைப் பேணும் கருத்தும் உயர்தல் மக்கள் இயல்பு. கைப்பேசிக்கு உறையிட்டு, அதன் முகத்தில் மெல்லியதோர் கண்ணாடியும் ஒட்டி, கீழே விழுமோ, மழையில் நனையுமோ என்று அஞ்சியஞ்சிக் காக்கின்றோம். ஆயின், விலைகொடுத்து வாங்கவியலாத கண்ணின் மேல் இடுகின்ற ஒரு பொருளை நாம் எங்ஙனம் பேணுகின்றோம் என்பதை அறிய விரும்புவோர், நம் விடுதியில் காலை ஆறரை மணிக்கு முகங்கழுவும் தொட்டியின் அருகே சிறிது பொழுது நின்று நோக்குதலே போதும். ஒருவர் பல் துலக்கிய ஈரக்கையோடு ஒரு சிறு டப்பியைத் திறக்கின்றார். அதனுள் இருப்பது முன்னாள் ஊற்றிய பழங்கரைசலும் அதன்மேல் நேற்றிரவு பெய்த சில புதுத்துளிகளும் கலந்த நீர். வில்லை விரலினின்று நழுவித் தொட்டியில் விழுகின்றது. குழாயைத் திருகி அந்நீரிலேயே அதனை அலசிக் கண்ணுள் இட்டுக்கொண்டு, முதல் மணி அடித்துவிட்டதே என்று ஓடுகின்றார். அவரினும் விரைந்து செல்லும் மற்றொருவருக்கோ இவ்வளவு தொல்லையும் இல்லை. அவர் இரவில் வில்லையைக் கழற்றவே இல்லை.

யான் மருத்துவன் அல்லேன். எனினும், சில ஆண்டுகள் விடுதிக் கண்காணிப்பில் இருந்தமையாலும், நெடுங்காலமாக யானும் வில்லை அணிபவன் ஆதலாலும், கண்டதையும் கற்றதையும் மாணவ நண்பர்கட்கு எடுத்துரைத்தல் கடனெனக் கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் ஒன்று கூறிவிடுகின்றேன். காண்டாக்ட் லென்ஸ் எனப்படும் தொடுவில்லையைப் பழிப்பது என் நோக்கமன்று. மனித அறிவின் அரிய ஆக்கங்களுள் அதுவும் ஒன்று. 1888-ஆம் ஆண்டில் சூரிக் நகரில் இருந்த அடால்ப் பிக் என்னும் மருத்துவர், கண்ணாடியால் ஒரு சிறு சிப்பி செய்து, முதலில் முயல்களின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலும் இட்டுச் சோதித்தார். அக்கனத்த சிப்பியைச் சில மணி நேரம் தாங்குதலே அரிதாயிருந்தது. நீரை உறிஞ்சி மென்மையுறும் வில்லையை ஆக்கியவர் செக் நாட்டு வேதியியலறிஞர் ஓட்டோ விக்டர்லே என்பார். ஆராய்ச்சிக்கூடத்தில் அம்முயற்சிக்கு ஆதரவு நின்றுபோகவே, அவர் சோர்ந்திலர். 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டுகளைக் கோத்து ஒரு பொறி அமைத்து, மிதிவண்டியின் டைனமோவால் அதனைச் சுழற்றித் தம் வீட்டிலேயே முதல் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். பத்தாண்டு கழித்து, 1971-ல் அமெரிக்க அரசு அதன் விற்பனைக்கு இசைவளித்தது. கருவிழி கூம்பிப் பார்வை சிதறுவோர்க்கும், இரு கண்ணின் குறையும் பெரிதும் வேறுபடுவோர்க்கும் மூக்குக் கண்ணாடியால் ஆகாத நன்மையை வில்லை செய்கின்றது. ஆடுகளத்தில் பந்தின்பின் ஓடுவோர்க்கும், மேடையேறி நடிப்போர்க்கும் அது பேருதவி. இத்தகைய நற்கருவியை அதன் இயல்பறியாது கையாளுதலே யான் குறைகூறுவது.

வில்லை எதன்மேல் அமர்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விழியின் முன்புறத்தே, கைக்கடிகாரத்தின் கண்ணாடிமூடி போன்று வளைந்து தெளிந்திருப்பது கார்னியா என்னும் கருவிழிப் படலம். நடுவில் அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. உடம்பின் பிற உறுப்புக்களுக்கு வேண்டும் பிராணவாயுவைக் குருதி சுமந்து செல்கின்றது. தெளிந்த இப்படலத்திலோ குருதி நாளம் ஒன்றேனும் இல்லை. இருக்குமாயின் ஒளி புகுதற்குத் தடையாகுமன்றோ? ஆதலின், வெளிக்காற்றிலுள்ள பிராணவாயுவை அது கண்ணீரின் வழியே நேராகப் பெறுகின்றது. நாம் இமைக்குந்தோறும் கண்ணீர் புதிதாய்ப் பரவித் தூசியையும் கிருமிகளையும் அடித்துச் செல்கின்றது. வில்லையை இடுங்கால் இக்காற்றோட்டமும் நீரோட்டமும் ஒருவாறு குறைகின்றன. விழித்திருக்கும் வரையில் கண் அக்குறையைப் பொறுத்துக்கொள்கின்றது. வில்லையோடு உறங்கினாலோ, இமை மூடியிருத்தலின் காற்றும் குறைகின்றது, இமைத்தலும் இல்லை, கண்ணீரும் தேங்குகின்றது. மேற்றோல் நலிவுற்று, வில்லைக்கும் விழிக்கும் இடையே சிறைப்பட்ட கிருமிகட்கு வாயில் திறக்கின்றது. இரவெல்லாம் ஈரத்துணியால் மூடிவைத்த தளிரின் நிலை எதுவோ, அதுவே அக்கண்ணின் நிலை.

இதனை யான் நூலில் மட்டும் கற்றேனல்லேன். சில ஆண்டுகட்கு முன் மூன்றாம் ஆண்டு வகுப்பில் பயின்ற ஒரு மாணவர், பருவத் தேர்வுக்கு முந்திய இரவெல்லாம் கண்விழித்துப் படித்து, விடியற்காலையில் வில்லையோடே இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டார். எழுந்தபோது வலக்கண் சிவந்து உறுத்தியது. தேர்வு முடியட்டும் என்று அன்று பொறுத்தார். மாலையில் மருந்துக்கடை ஒன்றில், சீட்டு ஏதுமின்றி, யாரோ சொன்ன சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டார். சிவப்புச் சற்றே தணிந்தது, நோய் தணியவில்லை. மூன்றாம் நாள் வெளிச்சம் பார்க்க இயலாது கண்ணை மூடியவாறு என் அறை வாயிலில் வந்து நின்றார். கருவிழியின் நடுவே அரிசி நொய் அளவில் ஒரு வெண்புள்ளி தெரிந்தது. உடனே கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதித்து, சூடோமோனாஸ் என்னும் கிருமியால் வந்ததென்றனர். ஈரமுள்ள இடங்களில் எளிதில் வாழும் அக்கிருமி, இரண்டொரு நாளிலேயே கருவிழியைக் கரைத்தழிக்க வல்லது. மணிக்கொருமுறை, இரவும் பகலும், மருந்து விடல் வேண்டியதாயிற்று. கண் பிழைத்தது, ஆயின் நடுக்கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. நம் ஊர்ப் பெரியவர்கள் கண்ணில் பூ விழுந்தது என்பார்களே, அதுதான்.

மருத்துவமனையில் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தபோது, "தம்பி, வில்லையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அணிந்து படித்திருக்கலாகாதா?" என்று கேட்டேன். சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "ஐயா, என்னிடம் கண்ணாடியே இல்லை. முதலாண்டில் சோடாபுட்டி என்று எல்லாரும் அழைத்தார்கள். அது உடைந்தபின் வேறு செய்துகொள்ளவில்லை. வில்லையைக் கழற்றினால் எனக்குப் புத்தகத்தின் எழுத்தும் தெரியாது," என்றார். அவ்விடை என்னை விட்டு இன்றும் அகலவில்லை. அவர் சோம்பேறியல்லர், அறிவிலியுமல்லர். வில்லையைக் கழற்றும் உரிமையை அவர் இழந்திருந்தார், அவ்வளவே.

இது எங்கோ ஒருவர்க்கு நேர்ந்த தீவினை என்று தள்ளுதற்கில்லை. 1989-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, பகலில் மட்டும் மென்வில்லை அணிவோருள் ஆண்டொன்றிற்குப் பதினாயிரவருக்கு ஏறக்குறைய 4 பேர் கருவிழிப் புண்ணுற்றனர். இரவிலும் அணியும் வகையினைக் கொண்டோருள் ஏறக்குறைய 21 பேர். 2008-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சியில், பகலில் அணிவோருள் ஏறக்குறைய 2 பேராகவும், இரவிலும் அணிவோருள் 19 பேருக்கு மேலாகவும் அத்தொகை இருந்தது. காற்றை மிகுதியும் ஊடுருவவிடும் சிலிக்கோன் கலந்த புதுவில்லை வந்துவிட்டமையால், இனி உறங்கினாலும் தீங்கில்லை என்று சொல்லித் திரிவோர் உளர். அவ்வில்லையோடு உறங்கியோருள்ளும் பதினாயிரவருக்கு ஏறக்குறைய 25 பேர் புண்ணுற்றனர் என்று அவ்வாராய்ச்சியே காட்டியது. பிராணவாயுக் குறைவு நீங்கினும் கிருமி நீங்கவில்லை. இத்தொகைகளால் இரண்டு உண்மைகள் விளங்கும். முறையோடு அணிவோர்க்கு வில்லை பெரிதும் தீங்கற்றது என்பது ஒன்று. உறக்கம் என்னும் ஒரே பிழை அத்தீங்கைப் பன்மடங்காக்கும் என்பது மற்றொன்று.

உறக்கத்திற்கு அடுத்த பகை தண்ணீர். குடிக்கத் தக்க நீர் கண்வில்லைக்கும் தக்கதே என்று பலர் கருதுகின்றனர். அது பெரும்பிழை. குழாய்நீர், கிணற்றுநீர், குளத்துநீர், மண் ஆகிய எங்கும் அகாந்தமீபா என்னும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர் வாழ்கின்றது. அது வயிற்றுட் சென்றால் தீங்கில்லை. வில்லையில் ஒட்டிக் கருவிழியை அடைந்தாலோ, அதனைப் போக்குதல் மிக அரிது. கேடுற்ற காலத்தில் அது தன்னைச் சுற்றித் தடித்த கூடு கட்டிக்கொள்ளுதலின், குழாய்நீரில் கலக்கும் குளோரினும் அதனைக் கொல்லாது. கண்ணிற் காணும் சிவப்புச் சிறிதாயிருக்க, வலியோ பொறுக்கலாகாததாயிருக்கும். மருந்து பல திங்கள், சிலர்க்கு ஓராண்டுக்கு மேலும், விடவேண்டியதாகின்றது. 1980-களில் அமெரிக்காவில் இந்நோய் திடீரென்று பெருகியபோது ஆராய்ந்தவர்கள், உப்பு மாத்திரையை வாலைநீரில் கரைத்து வீட்டிலேயே கரைசல் செய்துகொண்டோரே பெரும்பாலும் அதற்கு இரையானதைக் கண்டனர். சிறு செலவை மிச்சப்படுத்த முயன்று பெருஞ்செல்வத்தை இழந்தனர். கொதித்தாறிய நீர், புட்டியில் விற்கும் குடிநீர், உமிழ்நீர் என எந்நீரும் வில்லைக்கு ஆகாது. வில்லையோடு குளித்தலும் நீந்துதலும் விலக்கத்தக்கனவே.

இனி, நம் நாட்டு நிலையையும் சிறிது நோக்குவோம். 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று திங்களுக்குள் கருவிழிப் புண்ணோடு மதுரைக் கண் மருத்துவமனைக்கு வந்தோர் 434 பேர். அவருள் ஏறக்குறைய மூன்றில் இருபகுதியினர்க்குக் கண்ணில் காயம் பட்டதே புண்ணுக்குத் தொடக்கம். பெரும்பாலோர் உழவர். கதிரறுக்கும்போது நெற்றாள் கீறியும், வைக்கோல் துரும்பு தெறித்தும், மண் விழுந்தும் அவர்க்கு அந்நோய் வந்தது. நம் கலத்தில் சோறு விழவேண்டி வயலில் இறங்கியவர்கள் அவர்கள். அந்நோயினின்று தப்பும் வழி அவர் கையில் முழுதும் இல்லை. குழாயடியில் அரை நிமிடப் பொழுதை மிச்சம் பிடித்து அதே புண்ணை நாம் வருவித்துக்கொள்ளுதல் தகுமா? கற்றோர் என்னும் பெயர்க்கு அது பொருந்துமா?

அறியவேண்டும் முறைகள் சிலவே. வில்லையைத் தொடுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தூய துணியால் ஈரம்போகத் துடைத்தல் வேண்டும். கழற்றிய வில்லையை உள்ளங்கையில் வைத்து, அதற்குரிய கரைசலைப் பெய்து, விரல்நுனியால் மெல்லத் தேய்த்து அலசுதல் வேண்டும். தேய்க்கத் தேவையில்லை என்று புட்டியின்மேல் எழுதியிருப்பினும் தேய்த்தலே நன்று. டப்பியில் நாள்தோறும் புதுக்கரைசலே ஊற்றவேண்டும்; பழையதன்மேல் ஊற்றினால் புதியதும் வலியிழக்கும். காலையில் டப்பியை வறிதாக்கி, கரைசலாலேயே அலசி, துடைத்து, மூடியின்றிக் கவிழ்த்து உலரவிடுக, குளியலறையில் வையாதொழிக. மூன்று திங்களுக்கொருமுறை டப்பியை மாற்றுக. ஒருநாள் வில்லை ஒருநாளைக்கே. மாத வில்லையின் மாதம் உறையைப் பிரித்த நாளினின்று எண்ணப்படுவது, அணிந்த நாட்களைக் கூட்டிப் பார்ப்பதன்று. மை தீட்டுவோர் முதலில் வில்லையை அணிந்து பின்னர்த் தீட்டுக. களைவதற்கு முன் வில்லையைக் கழற்றுக. கலைவிழாவிற்கென்று நிறவில்லை வாங்கி ஒருவர் மாற்றி ஒருவர் அணியும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது ஒருவர் கண்நோயை மற்றவர்க்குப் பரிசளிப்பதாகும். பார்வைக்குறை இல்லாதார் அழகுக்கென்று அணியும் வில்லையும், மருத்துவர் கண்ணை அளந்து சொன்ன பின்னரே அணியத் தக்கது. கண் சிவந்தாலும், வலித்தாலும், பார்வை மங்கினாலும், வெளிச்சம் கூசினாலும், வில்லையை அக்கணமே கழற்றி, அன்றே கண் மருத்துவரிடம் செல்க. வில்லையையும் டப்பியையும் எறிந்துவிடாது உடன் எடுத்துச் செல்க. நோய்க்கிருமி இன்னதென்று அறிய அவை உதவும். மருந்துக்கடைச் சொட்டு மருந்தை நாடாதொழிக. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை சிவப்பை மறைத்து நோயை வளர்க்கும்.

இவற்றையெல்லாம் அறியாதவர் யார் என்று நீவிர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2014-ல் அமெரிக்காவில் வில்லை அணிவோரிடம் நடத்திய ஒரு கணிப்பில், நூற்றுக்கு 99 பேர் தீங்கு விளைக்கத்தக்க ஒரு பிழையையேனும் செய்ததாக ஒப்புக்கொண்டனர். நூற்றுக்கு 55 பேர் பழைய கரைசலின்மேல் புதியதை ஊற்றினர். 50 பேர் இரவில் அணிந்தே உறங்கியதுண்டு. மூவருள் ஒருவர்க்கு மேற்பட்டோர் குழாய்நீரில் வில்லையை அலசியதுண்டு. கல்வியும் வசதியும் மிக்க நாட்டிலேயே இந்நிலை. ஆதலின், அறிவுரையை மீண்டும் மீண்டும் ஓதுவதால் மட்டும் பயனில்லை என்பது தெளிவு. அறிந்தும் ஏன் செய்கின்றிலோம் என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும்.

என் கருத்தில் அதற்குரிய தலையாய காரணம், வில்லை அணிவோருட் பலர் மூக்குக் கண்ணாடியைத் துறந்துவிட்டமையே. கண்ணாடி உடையார்க்கு வில்லை ஒரு வசதி. கண்ணாடி இல்லார்க்கோ அது விலங்கு. இரவில் கழற்றினால் கழிவறைக்குச் செல்லவும் வழி தெரியாது. கண் சிவந்தாலும் வகுப்பிற் கரும்பலகையைக் காண வில்லையே கதி. இரயிற் பயணத்தில் இரவைக் கழிக்கவும் வில்லையே துணை. அவரை நோக்கி, உறங்குமுன் கழற்றுக என்றால், அவர் எங்ஙனம் கேட்பார்? ஆதலின், கண்ணுக்கேற்ற நற்கண்ணாடி ஒன்றைக் கைவசம் வைத்திராதவர் வில்லை அணிதலாகாது என்று யான் துணிந்து கூறுவேன். வில்லை விற்போரும் இதனையே முதல் விதியாகக் கூறல் வேண்டும். வாரத்தில் ஓரிரு நாளேனும் கண்ணாடி அணிந்து வில்லைக்கு ஓய்வளிப்பவர்க்கு, வேண்டும்போது கழற்றும் மனத்துணிவும் தானே அமையும்.

கண்ணாடி வாங்கப் பணமில்லை என்பது உண்மையான தடையன்று. ஆண்டு முழுதும் வில்லைக்கும் கரைசலுக்கும் ஆகும் செலவில் எளியதொரு கண்ணாடி செய்துகொள்ளலாம். நாணமே தடை. அந்நாணத்தை விளைவித்தவர் யார்? நாமே. வகுப்பறையில் வைக்கும் பட்டப்பெயர்கள், கலைவிழாவில் கண்ணாடி அணிந்தாரை நகைப்பொருளாக்கும் நாடகங்கள், பெண் பார்க்க வருவோர் முன் கண்ணாடியைக் கழற்றிவிடு அம்மா என்னும் வீட்டாரின் சொற்கள் ஆகியவை எல்லாம் சேர்ந்து, ஒருவரை வில்லையோடு உறங்கச் செய்கின்றன. கிருமி புகுதற்கு முன்னரே இவை புகுந்துவிடுகின்றன. அம்மாணவர்க்குச் சோடாபுட்டி என்று பெயரிட்டவர்கள் தீயவரல்லர். அவரோடு உண்டு, அவருக்காக மருத்துவமனையில் இரவு விழித்துச் சொட்டு மருந்து விட்டவர்களும் அவர்களே. தம் சொல் எங்குச் சென்று முடியும் என்பதை அவர்கள் எண்ணியிலர்.

நம் கல்லூரி செய்யத்தக்கனவும் சில உள. விடுதியில் முகங்கழுவும் இடந்தோறும் சவர்க்காரம் நீங்காதிருத்தல் வேண்டும். டப்பியை உலரவைக்க, நீர் தெறிக்காத இடத்தில் ஒரு சிறு பலகை அமைத்தல் பெருஞ்செலவன்று. முதலாண்டு மாணவர் சேருங்கால் நடைபெறும் உடற்சோதனையில், வில்லை அணிவோரிடம் கண்ணாடி உண்டா என்று ஒரு வினாவும் சேர்க்கப்படுமாக. இல்லையென்பார்க்கு, வறுமையுற்ற மாணவர்க்கு உதவும் நிதியினின்று ஒன்று செய்தளித்தல் அந்நிதிக்கு ஏற்ற அறமேயாம். பழைய மாணவர் சங்கத்தார் இதனை மேற்கொள்வாராயின் நன்றி மிக உடையேம்.

கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பது நாம் அடிக்கடி பிறர்க்குக் கூறும் பழமொழி. இன்றிரவு விளக்கணைக்குமுன் அதனை ஒருமுறை நமக்கே கூறிக்கொள்வோம். கையைக் கழுவி, வில்லையைக் கழற்றி, புதுக்கரைசலில் இட்டு மூடுதற்கு இரண்டு நிமிடம் போதும். பக்கத்துக் கட்டிலில் நண்பர் வில்லையோடே கண்ணயர்வாராயின், அவரைத் தட்டி எழுப்புக. அவர் சினந்தாலும் பொறுத்துக்கொள்க. மறுநாட் காலையில் அவர் கண்ணாடி அணிந்து வருவாராயின், அது குறித்து ஒரு சொல்லும் சொல்லாதிருத்தலே நீவிர் அவர்க்குச் செய்யும் பேருதவியாகும்.